பின்கட்டிலிருந்து ஏழு அமுக்கு

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, கண்ணு. ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். போன், ஆப், பூட்டு என்று நீங்களெல்லாம் பேசும்போது தலையாட்டுவேன், பாதிதான் ஏறும். ஒரு வார்த்தை முன்னே பின்னே விழுந்துவிட்டால் அர்த்தமே மாறிப்போகிறது. அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் மெதுவாகச் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதே. கேட்டால் விட்ட இடம் மறந்துபோகும்.

கட்டில் ஏன் காலியாக இருக்கிறது என்றுதானே கேட்டாய்? ஜன்னல் ஓரம், நல்ல காற்று, அலமாரிக்குத் தனிச் சாவி. இப்படி ஒரு இடத்தை யார் விட்டுப் போவார்கள் என்று உனக்குச் சந்தேகம். நியாயம்தான். மூட்டைப்பூச்சி இல்லை, மெத்தையை நானே வெயிலில் போட்டு எடுத்தேன். இங்கே மெர்லின் என்று ஒரு பெண் இருந்தாள். மார்த்தாண்டம் பக்கம். மூன்று வருஷம் இருந்தாள். போன மாதம் போய்விட்டாள்.

உட்கார். நளினி மேடம் வர அரை மணி ஆகும். அவர் வந்தால் அட்வான்ஸ், ரூல்ஸ் எல்லாம் அவரே சொல்வார். நான் இங்கே சமையல், வாசல், தண்ணீர் மோட்டார், கேஸ் சிலிண்டர், எல்லாம். ஒன்பது வருஷமாக இந்த விடுதிதான் எனக்கு வீடு. சமையல்கட்டுக்குப் பின்னால் ஸ்டோர் ரூம் இருக்கிறதே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில், அது என்னுடையது. சமையல் வேலை இந்தச் சரவணம்பட்டியில் எங்கே போனாலும் கிடைக்கும் கண்ணு. வேலையோடு படுக்க இடம் கிடைக்காது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று இருப்பது அன்னூரில் அண்ணன் வீடு ஒன்றுதான். அங்கே போனால் மூன்றாம் நாள் காலையில் அண்ணி பஸ் நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். நல்லவள்தான். ஆனால் பஸ் நேரம் எல்லாம் மனப்பாடம்.

முன்னெல்லாம் வாசலுக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி, சாவி என் இடுப்பில். ஆடி மாதம் மேடம் இந்தப் புதுப் பூட்டை வைத்தார். சாவி கிடையாது. ஒவ்வொருத்தர் போனிலும் ஒரு ஆப். கதவுக்குப் பக்கத்தில் வந்து ஆப்பில் பச்சை வட்டத்தை அமுக்கினால் ‘கிர்ர்’ என்று சத்தம் வரும், கதவு திறக்கும், ஐந்து எண்ணுவதற்குள் தானே பூட்டிக்கொள்ளும். யார் எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று மேடத்தின் போனில் பேரோடு விழும். மேடத்துக்கு ஐபோன். பிள்ளைகள் பாதிப் பேருக்கும் ஐபோன். எனக்கு, அண்ணன் மகன் கழித்துப்போட்ட ஆண்ட்ராய்டு போன். மூலையில் கீறல் விழுந்தது. ஆனால் ஓடும்.

அவரவர் போனில்தான் அவரவர் திறக்க வேண்டும், ஒருத்தருக்காக இன்னொருத்தர் திறக்கக் கூடாது என்று மேடம் பிரிண்ட் எடுத்துச் செருப்பு ஸ்டேண்டுக்கு மேலே ஒட்டினார். இப்போதும் இருக்கும், வரும்போது பார்த்திருப்பாய். ஆனால் இருபத்து மூன்று பெண்கள் இருக்கிற இடத்தில் தினமும் ஒருத்திக்குச் சார்ஜ் இருக்காது. ஒருத்தி போனை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வருவாள். ஒருத்தி இரண்டு கையிலும் பார்சலோடு நிற்பாள். வெளியிலிருந்து ஒரே சத்தம், "அக்கா, அமுக்குங்க!" நான் இருக்கிற இடத்திலிருந்து அமுக்குவேன். மாவு அரைத்துக்கொண்டே அமுக்குவேன். அது ரூல்ஸுக்கு விரோதம் என்று எனக்குத் தெரியும். பிள்ளை வெயிலில் நிற்கிறதே என்றுதான் அமுக்குவேன். இதில் என் பேரில் என்ன தப்பு, நீயே சொல். இல்லை, சொல்லாதே, கடைசியில் சொல்.

என் போனில் அமுக்கினால் உடனே திறக்காது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மறுபடியும் அமுக்குவேன். காலிங் பெல் அடித்து ஆள் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? மறுபடியும் அடிக்கிறோம். பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள், "அக்கா போன் திறக்கறதுக்குள்ள நான் எங்க ஊருக்கே போய்ட்டு வந்துருவேன்" என்று. அவர்களோடு சேர்ந்து நானும் சிரிப்பேன்.

அது புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பதினோரு மணி இருக்கும். நான் பின்கட்டில் துவைக்கிற கல்லிடம் இருந்தேன். இலக்கியா என்ற தருமபுரிப் பெண் காய்ச்சலோடு ஆபீஸிலிருந்து பாதியில் திரும்பி வந்து வாசலில் நின்று கூப்பிட்டாள். போனில் சார்ஜ் இல்லை. சோப்புக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அமுக்கினேன். சுற்றியது. அமுக்கினேன். சுற்றியது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பின்கட்டுக்கும் வாசலுக்கும் தூரம் அதிகம், ஆப் அங்கே எட்டாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? எழுந்து போகலாம் என்று நினைப்பதற்குள் மாடியிலிருந்து யாரோ ஒருத்தி இறங்கி வெளியே போனாள், அந்தத் திறப்பிலேயே இலக்கியா உள்ளே வந்துவிட்டாள். "வந்துட்டேன்க்கா" என்று குரல் கேட்டது. போனை இடுப்பில் சொருகிக்கொண்டு துணியைப் பார்த்தேன்.

அரை மணி கழித்து டேங்கில் தண்ணீர் தீர்ந்துபோனது. மோட்டார் ஸ்விட்ச் முன் வாசலை ஒட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வந்து போட்டேன், திரும்பிப் போய்விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த மோட்டார் போடுகிற கூச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

சாயங்காலம் பார்த்தால் முதல் மாடியில் இரண்டு லேப்டாப் இல்லை.

வண்டி நிறுத்துகிற இடத்துக் கேமராவில் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்ட ஒருத்தன், தன் வீட்டுக்குள் போகிற மாதிரி கதவைத் தள்ளிக்கொண்டு போகிறான். உடைக்கவில்லை, நெம்பவில்லை. தள்ளினான், திறந்தது. ஆறு நிமிஷத்தில் பையோடு வெளியே வருகிறான். அவனை இன்றைக்கு வரைக்கும் பிடிக்கவில்லை. மேடம் தன் ஐபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் பேர்தான் இருந்தது. மயிலாத்தாள், திறந்தது. மயிலாத்தாள், திறந்தது. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஏழு தடவை.

"ஏழு தடவை எதுக்கு மயிலாத்தா திறந்தே? ஏழு பேரை உள்ளே விட்டியா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். மெதுவாகக் கேட்டதால் பயந்துவிட்டேன். நான் அமுக்கவே இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அடுத்தவருக்காக அமுக்கினேன் என்று தெரிந்தாலே அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போ என்பார் என்று பயம். சொன்னதோடு விட்டிருக்கலாம். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியமும் செய்தேன். யாரும் கேட்கவில்லை. நானேதான் செய்தேன். எல்லாப் பெண்களும் நின்று பார்த்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த இலக்கியா மட்டும் இல்லை, அவளை மறுநாளே ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அதுவும் ஒரு நல்லகாலம்தான் என்று நினைத்தேன்.

போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன், சனிக்கிழமை விசாரிக்க வருவார்கள், அதற்குள் யோசித்து வை என்று மேடம் சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அரிசி எவ்வளவு இருக்கிறது, பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஸ்டோர் ரூமுக்கு வந்து பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவர் அந்த ரூமுக்குள் வந்ததே இல்லை. என் கட்டிலையும் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் உனக்குச் சொல்ல முடியாது.

இங்கேதான் மெர்லின் வருகிறாள்.

அவள் கெட்டிக்காரி. வேலையே இந்தப் போன் ஆப் எழுதுவதுதான், வேறு ஏதோ கம்பெனிக்கு. சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டாள். மீன் கிடைக்கவில்லையே என்று மட்டும் வாரம் ஒரு தடவை பெருமூச்சு விடுவாள். அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், ஒன்று சரியில்லை என்று தெரிந்தால் விட மாட்டாள். ஃபேன் சத்தம் போட்டாலும் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவாள். புதன்கிழமை சமையல்கட்டுக்கு வந்து கேட்டாள். "அக்கா, ஒரு காரியம் மட்டும் சொல்லுங்க. அமுக்கினீங்களா, இல்லியா?"

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. பின்கட்டில் இருந்து அமுக்கினேன், திறக்கவில்லை, பிறகு மோட்டார் போட வந்தேன் என்று மெல்லச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். அவள் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னாள். போனைக் கொடுங்கள் என்று வாங்கிப் போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை. திருட்டு நடந்து இரண்டு நாள். அவள் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். என் போனுக்கு ஒரு ஒயரை மாட்டி என்னவோ பார்த்தாள், கழற்றி என் கையில் கொடுத்தாள். பின்கட்டுக்குப் போய் ஏழு தடவை அமுக்குங்கள், பத்து நிமிஷம் கழித்து மோட்டார் போட வருகிற மாதிரி வாருங்கள் என்றாள். எனக்கு விருப்பமே இல்லை. அமுக்கினேன். சுற்றியது. போனை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தேன். ஸ்விட்சுக்கு இரண்டடி இருக்கும்போது, போனை நான் தொடவே இல்லை கண்ணு, கதவில் ‘கிர்ர்’ என்றது. மறுபடி, மறுபடி. ஏழு. பிறகு நின்றுவிட்டது. பூட்டிக்கொள்ளவில்லை. மெர்லின் ஒரு விரலால் தள்ளினாள், கதவு திறந்துகொண்டது.

அவள் சொன்னபடியே சொல்கிறேன், தப்பிருந்தால் என்னை மன்னித்துக்கொள். இந்த மாதிரி ஆப்பில் மேல்பாகத்தை ஒரு தடவை எழுதினால் போதுமாம், எல்லாப் போனிலும் ஓடுமாம். பச்சை வட்டம், பேர், மணி எல்லாம் மேல்பாகம். ஆனால் பூட்டோடு பேச வேண்டும் என்றால் போனுக்கு உள்ளே இறங்கி அதன் புளூடூத்தைத் தொட வேண்டுமாம். அதற்கு ஐபோனில் வழி வேறு, என் மாதிரி போனில் வழி வேறு. அந்த அடிப்பாகத்தை இரண்டு தடவை, தனித்தனியாக எழுத வேண்டுமாம். "என் வேலையே இந்த அடிப்பாகம் எழுதுறதுதான்க்கா" என்றாள். ஐபோனுக்கு எழுதினவர் கவனமாக எழுதியிருக்கிறார். அமுக்கியும் பூட்டு பதில் சொல்லவில்லை என்றால் அந்த அமுக்கைத் தூக்கிப் போட்டுவிடும். என் போனுக்கு எழுதினவர் அப்படிச் செய்யவில்லை. பதில் வராத அமுக்கை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக்கொள்ளும். பூட்டுக்கு எட்டுகிற தூரம் வந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிடும். ஏழும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததில் பூட்டுக்குத் திரும்ப மூடிக்கொள்கிற கணக்குத் தப்பிவிட்டது. பார்ப்பதற்கு இரண்டு போனிலும் ஒரே ஆப், ஒரே பச்சை வட்டம். அதனால் மேடத்துக்கு அவர் போனில் ஒரு நாளும் தெரிய வராது.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று, போனே இல்லாமல் லேப்டாப்பிலிருந்து அதே மாதிரி ஏழு அனுப்பிப் பார்த்தாள். கதவு திறந்தது, பூட்டவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் கதவைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றேன். லேப்டாப்பில் கதவைத் திறக்கிற பெண்ணோடு இத்தனை நாள் ஒரே வீட்டில் தூங்கியிருக்கிறேனே என்று நினைத்தேன். அவள் நல்லவள்தான். இருந்தாலும் நினைத்தேன்.

மேடத்திடம் நீங்கள் அமுக்கினதைச் சொல்லுங்கள், மீதியை நான் காட்டிவிடுகிறேன் என்றாள். கற்பூரம் அணைத்திருக்கிறேனே, எப்படிச் சொல்வது என்று கேட்டேன். முதலில் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

"அக்கா, நீங்க அமுக்கலேன்னா ஏழு எங்கேருந்து வந்துச்சு? நீங்க ஆமான்னு சொன்னாத்தான் நான் சொல்லுகது நிக்கும்."

"நான் சொன்னா என் பொழப்பு நிக்காது சாமி. விட்டுரு."

அவள் விடவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. நான் படிக்காதவள், எனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா? பூட்டுக் கம்பெனிக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். அடுத்த முறை ஆப்பைப் புதுசாக்கும்போது பார்க்கிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. சனிக்கிழமை போலீஸ் வரும்போது நானே சொல்லிவிடுவேன், உங்களுக்காகத்தான் சொல்கிறேன் என்றாள். எனக்காக. இரண்டு நாள் நான் சாப்பிடவே இல்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற நாளாக இருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பார்கள். அப்படி வாயை மூடிக்கொண்டதுதான் என்னைக் கொன்றது. எல்லாரும் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை முதலில் பூட்டுக் கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கதவுக்கு முன்னால் நின்று தன் புதுப் போனில் அமுக்கினார், திறந்தது, பூட்டிக்கொண்டது. மேடத்தின் போனில் அமுக்கினார், திறந்தது, பூட்டிக்கொண்டது. பூட்டில் ஒன்றுமில்லை மேடம் என்றார். மெர்லின் படியிறங்கி வந்து, இப்படிக் கிட்டே நின்று அமுக்கினால் தெரியாது, அக்கா போனில் பின்கட்டிலிருந்து அமுக்கிப் பாருங்கள் என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ட்ரை பண்ணிப் பாத்தேன் சார். லேப்டாப்லேருந்து."

"எங்க பூட்டை நீங்க லேப்டாப்லேருந்து திறந்தீங்களா?"

அவள் ஆமாம் என்றாள். அவ்வளவு சாதாரணமாக ஆமாம் என்றாள் கண்ணு. காப்பி குடித்தாயா என்றால் ஆமாம் என்பது போல. அந்த ஆள் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடத்தின் முகத்தில் ஒன்று மாறியதை நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்மேல் இருந்த கண் அப்போதுதான் முதல் தடவையாக என்னை விட்டு நகர்ந்தது. நான் மூச்சு விட்டேன். அது பாவமா? மூச்சுத்தானே விட்டேன்.

அவள் அப்பா பிறகு வந்து பெட்டியை எடுத்துப் போனார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னால் சொல்ல முடியாது. மார்த்தாண்டத்திலிருந்து ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்திருந்தார். வேட்டி, தோளில் துண்டு. அவள் லேப்டாப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. விசாரணை முடிகிறவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று அவள் ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். அவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார். நான்தான் கொடுத்தேன். நல்லா இருங்கம்மா என்றார். மெர்லின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு துணி மடித்தாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் என் கையால் சாப்பிட்டவள், ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அது வருத்தம்தான்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பதினோரு மணிக்குப் போலீஸ் வந்தது. ஒரு எஸ்.ஐ. அம்மா, கூட ஒரு ஏட்டு. ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தார்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மெர்லின் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள், அடுத்து உள்ளே வந்து காட்டுவதற்காக. நான் தாண்டிப் போகும்போது, பயப்படாதீங்கக்கா, அமுக்கினேன்னு மட்டும் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கிடுதேன் என்று என் கையைத் தொட்டாள்.

எஸ்.ஐ. அம்மா நல்ல மாதிரிதான். என்னை உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷமாக எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். ஸ்டோர் ரூமில் என்றேன். கதவை நீ திறந்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். மேடம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், சத்தியமும் செய்திருக்கிறேன், வேறு என்ன சொல்வேன்? அப்படியானால் உன் பேரில் ஏழு தடவை எப்படி விழுந்தது, உன் போன் வேறு யார் கையிலாவது போனதா, அந்தப் பூட்டை வேறு யாராவது தொட்டார்களா என்று கேட்டார்.

வெளியே நாற்காலி கிறீச்சிட்டது கேட்டது. புதன்கிழமை என் போனை மெர்லின் வாங்கிப் போனாள் என்றேன். புதன்கிழமை என்று சொன்னேனா, மெர்லின் வாங்கிப் போனாள் என்று மட்டும் சொன்னேனா, இப்போது எனக்கு நினைவில்லை. லேப்டாப்பில் என்னவோ தட்டினாள், கதவு தானாகத் திறந்தது, பூட்டவே இல்லை, ஒரு விரலால் தள்ளினாள் என்றேன். "உன் கண்ணால பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பார்த்தேன்தானே? அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. எந்தக் கிழமை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏட்டு எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். பாதிதான் ஏறியது. விரலை வைத்துக் காட்டிய இடத்தில் மயிலாத்தாள் என்று கையெழுத்துப் போட்டேன். பிறகு, சோறு வடிக்க நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு, மெர்லின் உட்கார்ந்திருந்த பக்கம் போகாமல் பின்வழியாகச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.